ஈ காக்கை இல்லாத இடம்

கடலோரப் பாழ்நகரில்
காலை ஒன்பதுக்கே நாற்பது பேருந்துகள்.
தலையில்லாத பெண்சிலையின் கழுத்தில்
யாரோ தன் தொப்பியைக் கவிழ்த்துப்
படம் எடுத்துக்கொண்டிருந்தார்.
அன்றே கிளம்பிவிட்டேன்
ஈ காக்கை இல்லாத இடம் தேடி.

கடைசி ஊர்வரை மினிபஸ்.
அதற்குமேல் ஒரு டிராக்டர்.
அதற்கும்மேல் என் கால்.
வலது ஷூ
முட்புதர் நடுவே வாயைப் பிளந்தது.

அம்புக்குறி இல்லை. டிக்கெட் இல்லை.
எவரையோ கிடத்திய கல்பெட்டி ஒன்று
விலாவில் துளையிட்டுக் குழாய் செருகி
ஆடுகளின் தண்ணீர்த் தொட்டியாகியிருந்தது.
விளிம்பில்
ஆட்டு நாக்குகள் தேய்த்தது போக
மீதி எழுத்துகள்.

பிறகு, மலை
உள்ளங்கையைக் குழித்ததுபோல் அரங்கம்.
படிக்குப் படி, வரிசை தப்பாமல்
நீலச் சாயம் பூசிய பெட்டிகள்
மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.
ஈ இல்லாத இடம் என்றேனே,
இலட்சம் ஈ.
அத்தனையும் தேனீ.

முகவலையைத் தூக்கி ஒருவர்
எதற்கு வந்தாய் என்றார்.
என்னிடமிருந்த துருக்கிச் சொற்கள் பதினாறு.
பொறுக்கிச் சேர்த்து
"யாருமில்லை, அதனால்" என்றேன்.
அவர் தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்
இருக்கிறோமா என்று.

பெயர் துர்சுன்.
மூன்று விரல்களை மடக்கி, வானத்தைக் காட்டி,
நான்காவதை நிமிர்த்தித்
தன் பெயரை மறுபடி சொன்னார்.
'துர்' என்றால் நில்.
வழியெல்லாம் சிவப்புப் பலகைகளில் படித்ததுதான்.
இவனாவது நிற்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் கரடி வந்து
முன்வரிசையைச் சூறையாடியதாம்.
கரடியாகவே நடித்துக் காட்டினார்.
வாசலை அடைக்க உருட்டி வைத்தது
உடைந்த தூணின் ஒரு துண்டு.
பெட்டி மூடிகள் காற்றில் பறக்காமல்
ஒவ்வொன்றிலும் ஒரு கல்.
ஒரு கல்லில் மட்டும் காது இருந்தது,
காதோரம் சுருள்முடி இரண்டு.
முகத்தின் மிச்சம் எங்கே என்று கேட்க
என்னிடம் சொல் இல்லை.

மேடை நடுவில் போய் நின்றேன்.
எல்லாரும் செய்வதுபோல்
கைதட்டி எதிரொலி பார்க்கத்தான் ஆசை.
வேண்டாம், கோபப்படும் என்று ஜாடை.
கால்வலியில் தானாக வந்த "அம்மாடி"
மெல்லத்தான் வந்தது,
கடைசிப் படிவரை ஏறிப்போனது.
ஒரு தேனீ வெளியே வந்து
பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

இறங்கும்போது ஷூவைக் கம்பியால் கட்டித் தந்தார்.
பழைய ஜாம் புட்டியில் தேன்.
காசு வாங்கவில்லை.
உதட்டின்மேல் விரல் வைத்துக்
கீழே கடல் பக்கம் கைகாட்டினார்.

அந்த இடத்துக்கு
எப்படிப் போவது என்று கேட்கிறவர்களுக்கு
டிராக்டர் நிற்கும் இடம்வரை
உண்மையைத்தான் சொல்கிறேன்.