தேவாங்கின் முறை

பரந்தன் சந்தியில் உழவு இயந்திரச் சாமான் கடைக்கு மேலே
எங்கள் அறை.
ஆறு கதிரை, அதில் ஒன்று ஆடும்.
கிரீஸ் மணம் படியேறி வந்து
எங்களுக்கு முன்னரே உட்கார்ந்துவிடும்.

விளையாட்டில் இருபத்திரண்டு விலங்குகள்,
பெயர் இன்னும் வைக்கவில்லை.
சனிக்கிழமை சோதனைப் போட்டி.
மதுசிகாவின் யானைக்கு உயிர்ப்புள்ளி முந்நூற்றுப் பத்து.
டிலக்சன் இறக்கியது தேவாங்கு.
நாற்பது புள்ளி, உள்ளங்கையளவு உடம்பு.
பின்னால் நின்ற பொடியள் சிரித்தார்கள்.

தேவாங்கு ஒருமுறை பார்த்தது.
யானை உறங்கிப்போனது.

அவள் முறை: உறங்குகிறது.
அவன் முறை: ஒரு கடி, எட்டுப் புள்ளி.
அவள் முறை: உறங்குகிறது.
ஒரு கடி.
உறங்குகிறது.

விழிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று
எழுதி வைத்தவள் நான்தான்.
ஏழு முறை போயும் யானை விழிக்கவில்லை.
நூறு பேரில் ஆறு பேருக்கு இப்படி நடக்கும் என்று
தாளில் போட்டுக் காட்டினேன்.
"அந்த ஆறில ஒராள் நான், அக்கா"
என்றாள், கைபேசியைக் கவிழ்த்து வைத்தபடி.
யானைக்கு இன்னும் இருநூற்று ஐம்பத்து நான்கு புள்ளி இருந்தது.
தோற்கவேயில்லை. எழுந்து போய்விட்டாள்.
வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்:
"அடி விழுறது பரவாயில்லை.
அமத்த ஒண்டும் இல்லாமல் இருக்கேலாது."

ஞாயிறு முழுக்கப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நஞ்சைப் பற்றி ஒருவரும் முறையிட்டதில்லை.
நஞ்சேறிய விலங்குக்கும் முறை வருகிறது,
சாகும்வரை தன் பாட்டில் சண்டை பிடிக்கிறது.
மயக்கத்தில் தன்னைத்தானே அடித்துக்கொண்டாலும்
பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாவது வரும்.
விறைப்பில் நாலில் ஒரு முறைதான் போகிறது.
உறக்கம் மட்டும்
ஆளைக் கதிரையில் இருத்திவிட்டு
விளையாட்டை வேறெங்கோ கொண்டுபோய்விடுகிறது.

எடுத்தே விட்டேன்.

திங்கட்கிழமை தேவாங்கு இறங்கியது.
யானை ஒரு மிதி மிதித்தது. அவ்வளவுதான்.
டிலக்சன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
"அப்ப இது எதுக்கக்கா இருக்கு?
பெரிசுதான் வெல்லுமெண்டால்
புள்ளியை எண்ணிப்போட்டு வீட்டை போகலாமே."
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

கீழே கடையில் ஒருவர்,
முரசுமோட்டைக்காரர் போல,
பெல்ட் வாங்க வந்த இடத்தில் கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்:
"முறைத் தண்ணியெண்டு சொல்லிப்போட்டு
மூண்டு நாளாய் வாய்க்கால் காஞ்சு கிடக்கு!
ராவோ பகலோ பரவாயில்லை,
எப்பவெண்டு சொல்லு, மண்வெட்டியோட நிக்கிறன்."

எப்பவெண்டு சொல்லு.
அதைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

உறக்கம் இனி இரண்டே முறை, சீட்டுக்குலுக்கல் இல்லை.
எத்தனை மிச்சம் என்று தலைக்கு மேலே இலக்கம் தெரியும்.
விழித்த விலங்கை அடுத்த மூன்று முறைக்கு
மறுபடி உறங்கவைக்க முடியாது.
தேவாங்கின் கடியை எட்டிலிருந்து முப்பதாக்கினேன்,
அந்த இரண்டு முறைக்குள் அதுவும் பிழைக்க வேண்டுமே.
உறங்கும் யானைக்கு ஒரு பொத்தான்:
காதை அசை.
பத்தில் ஒரு தடவை
தேவாங்கு கீழே விழும்.

புதன்கிழமை மதுசிகா வந்தாள், ஆடுகிற கதிரையில் இருந்தாள்.
யானை உறங்கியது. இரண்டு என்று காட்டியது.
காதை அசைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.
முப்பது போனது.
ஒன்று என்று காட்டியது.
இந்தமுறை உதட்டைக் கடித்துக்கொண்டு அமத்தினாள்,
திரை விரலைக் கேட்கும் என்பது போல.
ஒன்றும் நடக்கவில்லை.
"சீ!" என்றாள்.
கைபேசி கையிலேயே இருந்தது.

போட்டி முடிந்தபின் அவள் கேட்கிறாள்,
காதசைப்பு எட்டில் ஒன்றாக வேண்டுமாம்.
பன்னிரண்டில் ஒன்றாக்கச் சொல்லி அவன் நிற்கிறான்.
ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல்
படியிறங்கிப் போகிறார்கள், இரண்டு பேருக்கும்
கிட்டத்தட்ட ஒரே அளவு கோபம்.

பத்தைத் தொடாமல்
கணினியை மூடுகிறேன்.