சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி

எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ், ஒரு தம்ளர் தண்ணீர்.
ஐந்து நிமிடத்தில் குடித்துவிட வேண்டும்.
வாந்தி வந்தால் இன்னொரு நாள் லீவு போட்டு வர வேண்டும்.
சயான் ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு மணி நேரம்
வாயை இறுக்கிக்கொண்டு
எதிர்ச்சுவர்ப் பல்லியைப் பார்த்திருந்தேன்.
அதுவும் என்னை மாதிரியே
எதையோ அடக்கிக்கொண்டிருந்தது.

"முப்பி... முப்டா..." என்று இழுத்து
பாதியில் கைவிட்டாள் நர்ஸ்.
முப்பிடாதி என்ற பெயரைத் தாண்ட முடியாதவள்
நூற்றி எழுபத்தெட்டை மட்டும்
ஓர் எழுத்து சிதறாமல் சொன்னாள்.

கேட்டதும் முதலில் ஞாபகம் வந்தது
மே மாதம் தின்ற மாம்பழங்கள்.
எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.
பிறகு கம்பெனியில் கொடுக்கும் டீ.
பிறகு நாத்தனார் கல்யாணத்து ஜாங்கிரி.
அது போன வருடம்.
திருடியதைத் திருப்பிக் கொடுக்க வந்து
எந்தக் கடை என்று தெரியாதவள் போல நின்றேன்.

நீ தின்றதால் இல்லை, என்றார் டாக்டர்.
பிள்ளைக்குச் சோறு கொண்டுபோகிற நஞ்சுக்கொடிதான்
உன் இன்சுலினை மறிக்கிறது.
தலையாட்டினேன்.
மாமியாரிடம் போனில் அப்படியே ஒப்பித்தேன்.
"அது சரி, மாம்பழம் எத்தன தின்ன?" என்றாள்.

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்பது
இசக்கிமுத்துவின் சைக்கிளில் மிஞ்சிய இட்லி.
மாட்டுங்காவில் விற்றது போக
பன்னிரண்டோ இருபதோ.
மழை பெய்தால் நாற்பது.
இத்தனை வருடம் எண்ணாமல் தின்றேன்.
இப்போது இரண்டு, கூடவே அவித்த பயறும் வெள்ளரிக்காயும்.
மூன்றாவதை நான் பார்க்கிற பார்வைக்கு
அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு
வாசற்படிக்குப் போய்விடுகிறான்.
முதுகைக் காட்டிச் சாப்பிடுகிறவனைப் பார்த்தால்
இன்னும் கோபம் வருகிறது.

ஊசிக்குப் பயந்தவள் இல்லை நான்.
ஒன்பது வருடம் தையல் மெஷினில்,
நகத்தோடு ஊசி இறங்கிய அன்றும்
ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவள்.
ஆனால் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, காலர் பீஸ்,
அதில் கடுகளவு சிவப்பு.
சூப்பர்வைசர் காசு பிடித்தார்.
அன்றிலிருந்து இடது மோதிர விரல்,
இல்லையென்றால் சுண்டுவிரலின் ஓரம்.
துணியைத் தள்ளுகிற விரல்களை
விட்டுவைத்திருக்கிறேன்.

இன்சுலின் பேனா இருப்பது நஸ்ரீன் கடை ஃப்ரிட்ஜில்,
கூல்டிரிங்க் பாட்டில்களுக்கு நடுவே.
யாருக்கும் தவறி எடுத்துக் கொடுத்துவிடாமலிருக்க
சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறாள்.
எட்டு மணிக்கு நான் போய் நின்றால்
ஷாம்பு பாக்கெட் கொடுப்பது போல,
யாரிடமோ பேசிக்கொண்டே
நீட்டுவாள்.
எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற இந்த மாதங்களில்
அந்த அலட்சியம் எனக்கு வேண்டியிருக்கிறது.

சாப்பிட்டதும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
எங்கள் சந்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது.
வயிறு வந்தபின் ஒருத்தி நடப்பதே கஷ்டம்.
தொண்ணூறடி ரோடு வரைக்கும்
நான் முன்னால், அவன் பின்னால்.
"குழி. பைக்கு. குழி" என்று
சொல்லிக்கொண்டே வருகிறான்.

விடிகாலை மூன்றுக்கு எழுந்து
மாவு ஊற்ற வேண்டியவன்
இரண்டு மணி ஆகட்டும் என்று உட்கார்ந்திருப்பான்.
நம்பர் தெரியாமல் தூக்கம் வராதாம்.
நேற்று உட்கார்ந்தபடியே
வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனான்.
பத்தரைக்கு விரலைக் குத்தி
சொட்டை ஸ்ட்ரிப்பில் வைத்தேன்.
ஐந்து, நான்கு, மூன்று என்று
மெஷின் பின்னோக்கி எண்ண
மூச்சை விடாமல் இருந்தேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டான், "எவ்வளவு?"
"நூத்திப் பதினாறு."
"சில்லறையா இருக்கா?" என்றான்,
எதிரில் யாரோ பார்சல் வாங்கிக்கொண்டு நிற்பது போல.

சிரிப்பை அடக்கப் பார்த்தேன். வயிறு குலுங்கியது.
உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது முழித்துக்கொண்டு
விலாவில் ஓர் உதை விட்டது.

நோட்டில் எழுதினேன்: ராத்திரி, 116.
பக்கத்துக் கட்டத்தில்
சில்லறை என்று எழுதி
அடித்துவிட்டேன், டாக்டர் கேட்பார்.