குழி மூன்று, நாற்பது சென்டிமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை. இலை எடுப்பு இல்லை.
இருந்தும் ஏழரைக்கே பெரட்டு.
"பத்துப் பேர் போதும், அரைப்பேர் சம்பளம்"
என்றார் பீல்டாபீசர் ஜோசப்ராஜ்.
வெள்ளக்கல் எஸ்டேட்டின் பழைய மூணாம் பாடி
இடிந்து கிடக்கும் மேட்டில் தொல்லியல் நாள்.
ஜனங்கள் வரலாம், பார்க்கலாம்,
ஒரு சாண் தோண்டியும் பார்க்கலாமாம்.

பொள்ளாச்சியிலிருந்து மூன்று பஸ் வந்தது.
நாற்பது வளைவிலும் வாந்தி எடுத்த பிள்ளைகள்
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இறங்கினார்கள்.
தேயிலை நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.
படத்துக்குள் விழாமல் நான் குனிந்து போனேன்.
குனிவது பழக்கம்தான்.

நூல் கட்டிய ஐந்து குழிகள்.
மூன்றாவதில் நேற்றிரவு யானை
ஒற்றைக் கால் வைத்துப் போயிருந்தது.
நூல் அறுபடவில்லை, முளைக்குச்சி ஒன்று சாய்ந்திருந்தது.
திலகவதி மேடம் அதையும் அளந்து
அகலம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு என்று
நோட்டில் எழுதிக்கொண்டே சிரித்தார்.
அவர் சிரித்ததால் பீல்டாபீசரும் சிரித்தார்.

எனக்கும் சுகுர்மணிக்கும் சல்லடை.
அவள் ஜார்க்கண்ட். மலையேறி எட்டு மாதம்.
தமிழில் இலை தெரியும், அட்டை தெரியும், எடை தெரியும்.
"நாளைக்கு" தெரியும்,
எதைக் கேட்டாலும் ஆபீசில் அதைத்தானே சொல்கிறார்கள்.

துரை பங்களாப் பக்கத்துக் குழியில்
பச்சைப் புட்டியின் கழுத்து, பீங்கானில் பாதி நீலப்பூ.
கூட்டம் அங்கேதான் மொய்த்தது.
எங்கள் சல்லடையில் கரி, நண்டு ஓடு,
கொய்னா பாட்டிலின் ஒரு சில்லு,
கதவுக் கொண்டி ஒன்று.
உள்பக்கம் போட்டதா வெளிப்பக்கம் போட்டதா
என்று மேடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
எழுதாமல் வைத்தார்.

பதினொன்றரைக்கு, "தங்கம்!" என்று ஒரு கத்தல்.
யஷ்வந்த், ஆறாம் வகுப்பு,
யானை மிதித்த பள்ளத்தின் விளிம்பில்.
தங்கம் இல்லை, பித்தளை வில்லை.
பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால்
கயிறு கோக்க ஒரு துளை,
கீழே 217.

மேடம் பழைய செக்ரோலின் நகலை விரித்தார்.
ஒரே வருஷம், ஒரே நம்பர், நான்கு பேர்.
ஒரு பேரை அடித்து அதன்மேல் இன்னொன்று.
குறிப்பு: காய்ச்சல். அடுத்தது: ஓட்டம்.
அடுத்தது: காய்ச்சல்.
நாலாவதைக் கரையான் தின்றிருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சுகுர்மணிக்கு எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும்.
தராசு வரிசையில் தினம் எனக்குப் பின்னால் நிற்பவள், 218.
என் கழுத்து அட்டையை இழுத்து
வில்லையின் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

சட்டென்று எல்லாப் போன்களும் என் பக்கம்.
"அக்கா, அப்ப நீங்க இருந்தீங்களா?"
என்று கேட்டான் யஷ்வந்த்.
டீச்சர் அவன் தலையில் தட்டினார்.
எனக்கு அது அவ்வளவு தப்பான கேள்வியாகத் தெரியவில்லை.

வில்லை ஜிப் உறைக்குள் போயிற்று.
மேலே எழுதினார்கள்: குழி மூன்று,
நாற்பது சென்டிமீட்டர், சுமாராக, யானை காரணமாக.
எடுத்தவர் பேர் யஷ்வந்த்.
பிறகு வேறு பேனா வாங்கி,
"உங்க பேரு?" என்றார் மேடம்.
குருபாக்கியம் என்றேன்.
எஸ்டேட்டில் யாரும் கேட்டு நாளாயிற்று,
சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

நாலு மணிக்கு பஸ்கள் இறங்கின.
குழியை மூட நாங்கள் இருந்தோம்.
மண் தள்ளும் முன் அடியில்
இந்த வருஷத்து இரண்டு ரூபாய் ஒன்றைப் போட்டார் மேடம்.
பின்னால் தோண்டுகிறவர்களுக்கு
இது முன்னமே தோண்டின இடம் என்று தெரியணுமாம்.

சுகுர்மணி எட்டிப் பார்த்தாள்.
காசை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.
கொண்டையிலிருந்து ஊக்கு ஒன்றைப் பிடுங்கி
காசின் பக்கத்தில் போட்டாள்.
"நாளைக்கு" என்றாள்.

நான் மண்வெட்டியை எடுத்தேன்.
ஆழியாறு பக்கமிருந்து மழை ஏறிக்கொண்டிருந்தது.