முன்னால் ஓர் ஒன்று

காற்று பிறக்கும் ஊர் என்று
லீபாயாவைச் சொல்வார்கள்.
பிப்ரவரியில் அது உண்மை.
துறைமுகத் தானியக் கிடங்கில் பகல் வேலை முடிந்து
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு சேர்கிறேன்.
ஏறி மிதிக்க விடாது.

இரவு பத்துக்கு மேல் இன்னொரு வேலை,
சம்பளமில்லாதது.
சர்வர்களில் குவிந்துகொண்டே போகும் பதிவுகளை
மடித்து, சுருக்கி, பழையதைக் கழிக்கும்
ஒரு சின்ன நிரல்.
எழுதியது நான் இல்லை.
எழுதியவர் செம்மறி வளர்க்கப் போய்விட்டார்,
நிஜமாகவே.
நான் பொதி கட்டுபவள்.
எது எதற்குப் பின் ஏற வேண்டும்,
எந்தக் கோப்பு எந்த அடைவில் உட்கார வேண்டும்,
எங்கோ ஒரு நிர்வாகி
தன் கையால் திருத்திவைத்த அமைப்பை
புதுப் பதிப்பு மிதித்துவிடக் கூடாது.
அவ்வளவுதான்.

இன்று ஒரு வேண்டுகோள்.
சிலே நாட்டு புவெர்த்தோ மொன்த்திலிருந்து,
சால்மன் பண்ணையொன்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும்
எவாரிஸ்தோ மரியாதையாகக் கேட்கிறார்:
உங்கள் பதிப்பெண்ணுக்கு முன்னால்
ஓர் ஒன்றும் முக்காற்புள்ளியும் நிற்கின்றன.
1:4.7.
அதற்கு வேலை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.
எடுத்துவிடலாமா?

எடுக்க முடியாது, எவாரிஸ்தோ.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் இரவு
2.0 என்று அடிக்க வேண்டிய இடத்தில்
20 என்று அடித்தேன்.
ஒரு புள்ளி. எறும்பின் தலையளவு.
கையொப்பமிட்டு அனுப்பியும் விட்டேன்.
தேநீர் ஆறுவதற்குள்
நகல் தளங்கள் வாங்கிக்கொண்டன.
விடிவதற்குள், பெயர் தெரியாத ஊர்களின் எந்திரங்கள்
இருபதாம் பதிப்பைப் போட்டுக்கொண்டு
நிம்மதியாக ஓடின.

நிரலில் குறையொன்றும் இல்லை.
அடுத்து 2.1 வந்தபோதுதான் தெரிந்தது,
ஒருவரும் வாங்கவில்லை.
எங்களிடம் இருபது இருக்கிறதே,
இரண்டு பழசல்லவா என்றன எந்திரங்கள்.
கை தவறிவிட்டது என்று
அவற்றிடம் போய்ச் சொல்ல முடியுமா?

விதிகளில் ஒரே வழி இருந்தது:
முன்னால் ஓர் ஒன்றைப் போடு.
பொருள், இதுவரை எண்ணியதை மற,
இங்கிருந்து எண்ணு.
போட்டேன். இரண்டு இருபதை வென்றது.
ஆனால் போட்டவர் எடுக்க முடியாது.
எடுத்த கணமே
நான் கட்டுவதெல்லாம் பழையதாகிவிடும்.

(இன்னொரு குறியும் உண்டு. அலை மாதிரி வளைந்தது.
எண்ணின் வாலில் ஒட்டினால்
ஒன்றுமே ஒட்டாததற்கும் முந்தியதாகிவிடும்.
சோதனைப் பதிப்புகளுக்கு வைத்திருக்கிறேன்.
வேறு எங்கெல்லாம் ஒட்டலாம் என்று
யோசித்ததுண்டு.)

இதையெல்லாம் எவாரிஸ்தோவுக்கு எழுதினேன்.
எழுதாமல் விட்டது:
அன்று தெக்லாவுக்கு மூன்று வயது.
இடது தோளில் அவள்,
வலது கையில் விசைப்பலகை.
முப்பத்தொன்பது புள்ளி நான்கு.
தெர்மாமீட்டரின் புள்ளியைத்தான்
அன்றிரவு சரியாகப் பார்த்தேன்.
முதலில் அவளைப் படுக்கவைத்திருக்கலாம்.
பாதுகாப்பு ஓட்டை, காத்திருக்காது என்று நினைத்தேன்.
காத்திருந்திருக்கும்.

இப்போது அடுத்த அறையில்
வீட்டுப்பாடத்தோடு கத்துகிறாள்:
ஒன்று புள்ளி ஒன்பதைவிட
ஒன்று புள்ளி பத்து சின்னது, தெரியுமா?
இந்த மேசையில் அப்படியில்லை என்கிறேன்.
கதவு சாத்தப்படுகிறது.
உலகத்துச் சர்வர்களில் தன் காய்ச்சல்
ஓர் ஒன்றாக நிற்பது
அவளுக்குத் தெரியாது. சொல்லவும் போவதில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு சிலேயிலிருந்து பதில்:
புரிந்தது, இருக்கட்டும்.
உங்கள் கையேட்டில் பன்னிரண்டாம் வரியில்
ஓர் எழுத்துப்பிழை.

இருந்தது.
திருத்தினேன். மீண்டும் கட்டினேன்.
ஒன்று, முக்காற்புள்ளி, நான்கு,
திரையில் விரல் வைத்துப் பார்த்தேன்,
புள்ளி,
ஏழு.
ஜன்னலைக் காற்று அறைந்தது.
அனுப்பினேன்.