ஒரு சாண்

வாரத்தில் ஆறு நாள்
துறைமுகத்தில் மீன் நிறுக்கிறவன் நான்.
சனிக்கிழமை மதியம் மட்டும் வெள்ளைக் கோட்டு,
பையில் ஆறு கூழாங்கல், பந்தை எண்ண.

கார்ன்வாலில் எங்கள் மைதானம்
கடலைப் பார்த்துச் சரிந்து கிடக்கும்.
மூடிப்போன ஈயச் சுரங்கத்தின் புகைபோக்கி
லாங் ஆனுக்குப் பின்னால்.
பனி அதை விழுங்கினால் ஆட்டத்தை நிறுத்துவோம்.
அன்று விழுங்கவில்லை.
எல்லாம் தெரிந்தது. அதுதான் சங்கடம்.

கடைசி ஜோடி, ஐந்து ரன் பாக்கி.
என் முழங்கையை ஒட்டி ஜோரி டிரெம்பாத்.
மூன்று ஓவராக என் காதில் விழுந்துகொண்டிருந்தது
அவன் பூட்ஸ் ஆணிகள் மண்ணை விட்டுக் கழலும் சத்தம்,
பந்து அவள் கையை விடும் முன்பே.
ஒரு சாண். அப்புறம் ஒரு முழம்.
அப்புறம் நான் அளக்கவில்லை.
புயலில் உயிர்காப்புப் படகு இறக்குகிறவன் அவன்;
அவனுக்குக் கடன்படாத வீடு எங்கள் கரையில் இல்லை.
கூழாங்கல்லை ஒரு பையிலிருந்து
மறு பைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன்.

கெரென்சா நான்ஸ், பதினேழு வயது, இடக்கைச் சுழல்.
வந்தாள். நின்றாள்.
மேசையில் சிந்திய ரொட்டித் துகளைத் தட்டுவதுபோல
பெயில்ஸைத் தட்டினாள்.
கத்தவில்லை. கேட்டாள்:
"அவுட்டா?"

பெவிலியனில் கூச்சல்.
"வெட்கமா இல்ல?"
"ஒரு தரம் சொல்லியிருக்கலாமே!"
அவள் கீழே காட்டினாள்:
"கோடு வெள்ளையாத்தானே இருக்கு?"

காலையில் சுண்ணாம்பில் அதை இழுத்தவன் நான்.
இறங்கி வந்து ஆடுகிறவனை ஸ்டம்ப் செய்யுமுன்
எந்தக் கீப்பரும் தோளைத் தட்டிச் சொல்வதில்லை.
அது கெட்டிக்காரத்தனம்.
இதற்கு மட்டும் வேறு பெயர்.

விரல் பாதி எழுந்திருந்தது.
அவளுடைய கேப்டன் பெரன் ரோடா
காது சிவக்க ஓடி வந்தார்.
"அப்பீலை வாபஸ் வாங்கிக்கறோம், ஹெட்லி."

வாங்கலாம். விதியில் இடம் உண்டு,
நடுவர் சம்மதித்தால்.

பதினோரு வருஷத்தில் அந்த வரி
என்னைத் தேடி வந்தது அன்றுதான்.
முடியாது என்று சொல்ல
எவ்வளவு மூச்சு வேண்டும்?
தலையாட்டினேன்.
எல்லோரும் கைதட்டினார்கள்,
எனக்கும் சேர்த்து.
கெரென்சா பெயில்ஸைத் தானே எடுத்து வைத்தாள்,
ஒன்று சரியாக உட்காரும்வரை
இரண்டு தரம்.

அடுத்த இரண்டு பந்துக்கு
ஜோரியின் பேட் கோட்டுக்குள் ஊன்றி நின்றது.
மூன்றாவதில் மறந்தான்.
மறந்தானா?
ஆணிகள் கழன்ற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.
அந்தப் பந்தில் மூன்று ரன் ஓடினார்கள்,
மூன்றாவதுக்கு விரற்கடை இடைவெளி.
அதோடு ஆட்டம் முடிந்தது.

குங்குமப்பூ பன்னும் தேநீரும் பரப்பிய மேசையில்
அவள் பக்கத்து நாற்காலி இரண்டும் காலி.
ஜோரி எனக்கு ஒரு சைடர் வாங்கித் தந்தான்.
"நியாயமான ஆள் நீங்க" என்றான்.
மனசாரத்தான் சொன்னான்.
குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

தராசுத் தட்டில் கட்டைவிரலை வைக்கிறவன் ஒருவன்,
விரலைப் பார்த்துவிட்டவள் ஒருத்தி.
பார்த்தவளிடம்
நாகரிகம் கேட்டிருக்கிறோம்.
இதை மேசையில் சொல்லவில்லை.
வீட்டுக்கு நடக்கும்போதுதான் தோன்றியது,
அதுவும் பாதி வழி கடந்தபிறகு.

திங்கள் விடியலில்
அப்பாவின் கானாங்கெளுத்திப் பெட்டிகளோடு வந்தாள்.
முதல் பெட்டியைத் தூக்கி வைத்தேன்.
முள் ஆடியது.
அது அசைவற்று நிற்கும்வரை காத்திருந்து
"நாற்பத்தொன்று இருநூறு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை,
முள்ளையும் பார்க்கவில்லை.
கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:
"பார்த்துத்தானே சொல்றீங்க?"