செல்லாதது – 1

சிரசுத் திருவிழா முடிந்த மூன்றாம் நாள்
குடியாத்தம் கிளைக்கு உண்டியல் சில்லறை வரும்.
மஞ்சள் ஒட்டிய காசு, கற்பூர வாசம்.
பத்து மணிக்கு ஷட்டர் ஏறும்போது
குனிந்து முதலில் நுழைவது என் சிரசு.

"எவ்வளவுக்கு?" நிமிராமல் கேட்பார்
கேஷியர் மெஹருன்னிசா.
ஐந்நூறுக்கு, எல்லாம் ஒத்தை ரூபாய்.
"டீக்கடையா?"
ஆமாம் என்று மூன்று வருடப் பொய்.

இன்று எண்ணும் இயந்திரம்
எதையோ துப்பியது.
இரண்டு விரலால் எடுத்து
கடப்பைக் கல்லில் தட்டினார்.

முடிவதற்கு அவசரமே இல்லாத ஒலி.

ஜார்ஜ் ராஜா தாடியில் குங்குமம்.
"மேடம், அதையும் சேர்த்து..."
"இதுவா? இது செல்லாது."
பேரேட்டில் எழுதுகிறார்:
செல்லாதது – 1.
கோயிலுக்குத் திருப்ப வேண்டியது.

ஆயிரம் தருகிறேன் என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
அப்போதுதான் நிமிர்ந்தார்,
மூன்று வருடத்தில் முதல் தடவை:
"டீக்கடை எந்தத் தெருன்னு சொன்னீங்க?"

வேலூர் பஸ்ஸில் மடி கனக்கிறது,
இரண்டு கிலோ எஃகு.
இருபது காசு எண்ணிக் கொடுத்ததும்
கும்பிடாத குறை கண்டக்டர்.
பின் சீட்டு வரைக்கும் கத்துகிறார்:
"ஏறினா சாரை மாதிரி ஏறணும்!"

பள்ளிகொண்டா தாண்டியும்
அந்தக் கல்
என் காதில்.