இருபத்தெட்டு

என் இதயம் நூறில் இருபத்தெட்டுதான் தள்ளுகிறதாம்.
க்டீனியா கப்பல் பட்டறையில் அப்படி வேலை பார்த்திருந்தால்
மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

திங்கள், புதன், வெள்ளி.
எங்கும் போகாத சைக்கிள்.
மார்பில் ஒயர்கள்.
ஜன்னலுக்கு வெளியே பால்டிக் கடல்
பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில்.

"எவ்வளவு கஷ்டம்? ஆறிலிருந்து இருபதுக்குள் சொல்லுங்கள்"
என்கிறாள் யாக்னா.
சும்மா உட்கார்ந்திருப்பதற்கே ஆறாம்.
எங்கள் மேஸ்திரி கேட்டால் நெஞ்சு வெடித்திருப்பான்.
கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே
ஜனவரியில் மல்லாந்து கிடந்து வெல்டிங் வைத்தது பத்தொன்பது.
இது பதின்மூன்று.
எழுதிக்கொள்.

பக்கத்து சைக்கிளில் போஷேனா,
டிராலிபஸ் ஓட்டியவர்.
மிதிக்கும்போதும் நிறுத்தங்களின் பெயரை முணுமுணுப்பார்.
ஒரு புதன்கிழமை வரவில்லை.
அந்த இருக்கையின் உயரத்தை
அடுத்த வாரம் வரை யாரும் மாற்றவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள்.
இருட்டுத் திரையில்
நனைந்த கையுறையை யாரோ
அரைமனதாய்ப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.
இருபத்தொன்பது.
இவ்வளவு வியர்வைக்கு
ஒன்றா?

யாக்னா என் தொடைச்சதையை விரலால் குத்தினாள்:
"அங்கே பார்க்காதீர்கள், இங்கே.
வருவது பழைய ரத்தம்தான்.
இது இப்போதுதான்
தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடப் பழகியிருக்கிறது."

நம்பவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று லிஃப்ட் பழுது.
கையில் பத்து கிலோ உருளைக்கிழங்கு.
மூன்றாவது மாடியில் சாவியைத் துழாவும்போதுதான்
உறைத்தது:
இரண்டாவதில்
நான் நிற்க மறந்திருந்தேன்.